பாய் மெஷின் வாங்கலாமா? அஞ்சாவது வருஷத்தைக் கேளுங்க!

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. கோரையைக் காயவைத்து, கிழித்து, ஓடும் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் நெய்யும் இந்த ஊர்ப் பாய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாயும் பிரபலம்.

நுணுக்கமான பட்டுப்பாய்க்குக் கைதான் வேண்டும். ஆனால், தினமும் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாயை நெய்ய மெஷின் வந்துவிட்டது. கடன் வாங்கி அதை வாங்கினால், போட்ட காசு திரும்புமா?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மெஷின் விலை 1,00,000 ரூபாய். கோரை, நூல், கரன்ட், கூலி எல்லாம் போக, வருஷத்துக்கு 30,000 ரூபாய் கூடுதலாகக் கையில் நிற்கிறது. நாலு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். ஆஹா, 20,000 ரூபாய் லாபம் என்று தோன்றும்.

அங்கேதான் சறுக்கல்! அடுத்த வருஷம் வரும் பணத்துக்கு இன்றைய பணத்தின் மதிப்பு கிடையாது. கடன் வட்டி 12 சதவிகிதம் என்றால், முதல் வருஷத்து 30,000-ஐ 1.12-ஆல் வகுங்கள். 26,786 வரும். அதை மறுபடி 1.12-ஆல் வகுத்தால் இரண்டாம் வருஷத்துக்கு 23,916. இப்படியே மூன்றாம் வருஷம் 21,353, நாலாம் வருஷம் 19,066. மொத்தம் 91,121 ரூபாய்தான். மெஷின் விலையைக் கழித்தால் 8,879 ரூபாய் நஷ்டம்!

இதைத்தான் 'நெட் பிரசன்ட் வேல்யூ', அதாவது நிகர இன்றைய மதிப்பு என்கிறார்கள். செல்போன் கால்குலேட்டரே போதும்.

அதே மெஷின் அஞ்சாவது வருஷமும் ஓடினால்? இன்னொரு 17,023 சேர்ந்து, 8,144 ரூபாய் மிச்சம். ஆக, விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். எத்தனை வருஷம் உழைக்கும், உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

கவனிக்க மூன்று விஷயங்கள்:

* ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை காயாது. நல்ல மாத வருமானத்தை 12-ஆல் பெருக்காதீர்கள்.
* கைத்தறியை விட்டுவிட்டு மெஷினுக்குப் போனால், அங்கே இழக்கும் வருமானத்தைக் கழியுங்கள்.
* வகுக்கும்போதே வட்டி கணக்கில் வந்துவிட்டது. தவணை வட்டியை மறுபடி கழிக்க வேண்டாம்.

நாலு வருஷம்தான் ஓடும் என்று தெரிந்தால், 91,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தராதீர்கள். தைரியமாகப் பேரம் பேசுங்கள்!