தோட்டத்தில் பிறந்த ஜாஸ் இசை

ஜாஸ் இசை என்றவுடன் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கொழும்பு நட்சத்திர விடுதிகளின் மங்கிய ஒளியும், மூலையில் எவரோ வாசிக்கும் பியானோவுமே. அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, ஆங்கிலம் கற்றோருக்கே உரியது என்ற எண்ணம் தமிழ் பேசும் மக்களிடையே வேரூன்றியுள்ளது. அந்த இசையின் பிறப்பை நோக்கின், விடுதி விருந்தினரைக் காட்டிலும் கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ றப்பர் தோட்ட லயத்தில் வாழும் ஒருவருக்கே அதனுடன் நெருங்கிய உறவு உண்டு எனலாம்.

மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர், பருத்தித் தோட்டங்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடியவாறு வேலை செய்தனர். நியூ ஓர்லியன்ஸ் நகரின் கொங்கோ சதுக்கத்தில் ஞாயிறு தோறும் மேளம் கொட்டி ஆடினர். 1865 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இராணுவ வாத்தியக் குழுக்களின் பித்தளைக் குழல்களைக் கையிலெடுத்து, தோட்டப் பாடலையும் தேவாலயப் பாடலையும் அவற்றில் ஊதினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் அவ்வாறு உருப்பெற்றது.

எமது தோட்டங்களுக்கு வந்தோர் அடிமைகள் அல்லர். பெரியகங்காணியின் கடனில் கட்டுண்டவர்கள். அவர்களை விடியற்காலையில் வேலைக்கு அழைத்தது பெரட்டுத் தப்பு. காமன் கூத்துக்கும் அதே தப்பு, மரண வீட்டுக்கும் அதே தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. எனினும் அடித்தவரின் சாதியைக் காரணம் காட்டி அக்கலை தாழ்வாகவே நோக்கப்பட்டது. இன்று அதைக் கையிலெடுக்கக் கூச்சப்படும் இளைஞர்கள் உள்ளனர். ஜாஸும் தொடக்கத்தில் இழிந்தோரின் இரைச்சல் என்றே ஒதுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறிதல் நன்று.

புதிதாகக் கேட்பவரைத் திகைக்கவைப்பது, பாட்டு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்ற குழப்பமே. கர்நாடக இசைக் கச்சேரியில் பல்லவியைப் பாடி, கற்பனாஸ்வரத்தில் உலவி, மீண்டும் பல்லவிக்கு வருவதை நினைவிற்கொண்டால் போதும். ஜாஸ் குழுவும் முதலில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிக்கும். பின்னர் ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிப்பர். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவர். அந்த முதல் மெட்டை மனதில் பதித்துக்கொண்டால் வழி தவறாது.

முதலில் கேட்க வேண்டியது ஆர்ட் பிளேக்கியின் குழு 1958 இல் பதிவு செய்த ‘மோனின்’. பியானோ ஒரு வரி கேட்கிறது, குழல்கள் பதில் சொல்கின்றன. நோன்பு காலத்தில் சஹர் வேளையில் றபான் தட்டிப் பாடிவந்த பக்கீர் பாவாமாரைக் கேட்டு வளர்ந்த மாவனெல்லை வாசகருக்கும், காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த தோட்ட வாசகருக்கும் இந்த அமைப்பு புதிதன்று.

அடுத்தது மைல்ஸ் டேவிஸின் ‘கைன்ட் ஒஃப் புளூ’. 1959 இல் இரண்டே நாட்களில் பதிவு செய்யப்பட்ட இத்தொகுப்பில் ஐந்து உருப்படிகள் உள்ளன. அதற்கு முந்திய ஜாஸில், பல ஸ்வரங்கள் ஒருசேர ஒலிக்கும் கூட்டுகள் கணத்துக்குக் கணம் மாறும். கலைஞர் அவற்றைத் துரத்தியபடியே கற்பனை செய்ய வேண்டும். டேவிஸ் அந்த மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வரவரிசையில் நீண்ட நேரம் தங்கி உலவ இடமளித்தார். இதை இராகம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் ஆலாபனைக்குப் பழகிய செவிக்கு இந்த நிதானம் பிடிபடும். ‘சோ வட்’ என்ற முதல் உருப்படியில் மெட்டை வாசிப்பது டபுள் பேஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியம். கையடக்கத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் அதன் ஒலி அனேகமாகக் கேட்காது. காதில் பொருத்தும் கருவியுடன் கேட்டால்தான் கேள்வியும் பதிலும் புரியும். ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புக் கூறாமல், ஒரு வாரம் இதையே கேளுங்கள்.

முஸ்லிம் வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். ஆர்ட் பிளேக்கி ஏற்றுக்கொண்ட பெயர் அப்துல்லாஹ் இப்னு புஹைனா. 1940களிலும் 1950களிலும் கறுப்பின ஜாஸ் கலைஞர் பலர் இஸ்லாத்தைத் தழுவினர். அடிமை முதலாளியின் குடும்பப் பெயரைச் சுமந்து வாழ்ந்தோருக்குப் புதிய பெயர் என்பது சிறிய விடயமன்று. இவர்களுள் பியானோ கலைஞர் அஹ்மத் ஜமாலின் (1930 - 2023) ‘பட் நொட் ஃபோர் மீ’ என்ற 1958 ஆம் ஆண்டுத் தொகுப்பு, புதியவருக்கு மிக எளிதாகத் திறக்கும் கதவு. வாசிக்காமல் விடும் இடங்களே அவரது அழகு. யூசுப் லத்தீஃபின் ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’ அதனை அடுத்துக் கேட்கத்தக்கது. ஜாஸ் என்ற சொல்லையே விரும்பாத இவர், பிற்காலத்தில் மது பரிமாறப்படும் இடங்களில் வாசிக்க மறுத்தவர்.

எமது வாசகருக்கு ஒரேயொரு பதிவை மட்டும் பரிந்துரைக்கலாம் எனில், தென்னாபிரிக்காவின் அப்துல்லாஹ் இப்ராஹீம் 1974 இல் பதிவு செய்த ‘மனன்பர்க்’ என்பதையே கூறுவோம். 1934 இல் கேப் டவுனில் பிறந்து, 1968 இல் இஸ்லாத்தை ஏற்றவர் அவர். ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொண்டுவந்தது போலவே மலாய் மக்களைக் கொண்டுசென்ற நகரம் அது. நிறவெறி அரசு, தலைமுறைகளாக வாழ்ந்த இடத்திலிருந்து மக்களைப் பிடுங்கிக் கொண்டுபோய் விட்ட குடியிருப்புகளுள் ஒன்றின் பெயரே மனன்பர்க். பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்த உருப்படியில் கோபக் குரல் ஒன்றும் இல்லை. ஆடவைக்கும் நடையே உள்ளது. அதுவே நிறவெறிக்கு எதிரான போராட்டத்தின் கீதமாயிற்று.

ஜாஸ் மேதைகள் இலங்கைக்கும் வந்துள்ளனர். 1958 இல் டேவ் புரூபெக்கையும், 1963 இல் டியூக் எலிங்டனையும் அமெரிக்க அரசே அனுப்பிவைத்தது. எலிங்டனின் சொந்த நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் அவர் உணவருந்த முடியாதிருந்த காலம் அது! புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது. எமது கண்டச் சாபு ‘தக தகிட’ என்றால், இது ‘தகிட தக’. தவில் கேட்டவர் விரல் தானாகவே தட்டும்.

இவ்வளவும் பழகிய பின் ஜோன் கோல்ட்ரேனுக்கு வரலாம். 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ இறைவனுக்கு அவர் செலுத்திய நன்றி. அதில் பியானோ வாசித்த மக்கோய் டைனரும் இஸ்லாத்தைத் தழுவியவரே. இறுதிப் பகுதியில், தாம் எழுதிய பிரார்த்தனையின் சொற்களைக் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் அசை அசையாக ஊதுகிறார். அவருடைய ‘அசென்ஷன்’ தொகுப்பை முதலாண்டில் தொட வேண்டாம். ஜாஸை விட்டே ஓட நேரிடும். அவரின் மனைவி அலிஸ் கோல்ட்ரேன் 1971 இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரில் உள்ள சச்சிதானந்தர், கோயம்புத்தூர்ப் பகுதியில் பிறந்து, 1950களில் இலங்கைக்கு வந்து கண்டியில் ஆச்சிரமம் அமைத்த சுவாமிகளே. தம்புரா நாதத்தின் மீது ஹார்ப் நரம்புகள் ஒலிக்கும் அத்தொகுப்பு, கேகாலையிலிருந்து கண்டி வீதியில் சிறிது தூரமே சென்றால் கிட்டும் ஊரோடு இவ்வாறு தொடர்புடையது.

‘டூயட்’ திரைப்படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனைக் கேட்டு மகிழ்ந்தோர், அவர் ருத்ரேஷ் மஹந்தப்பாவுடன் இணைந்து 2008 இல் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ தொகுப்பைக் கேட்கலாம். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரின் ‘ஹிஸ்டோரிசிட்டி’ சற்றுக் கடினமானது, அவசரமில்லை.

ஒரு கலைஞரை மட்டும் எவராலும் பரிந்துரைக்க இயலாது. நியூ ஓர்லியன்ஸில் ஜாஸின் முதல்வராகப் போற்றப்படும் பட்டி போல்டன் வாசித்த ஒலி ஒன்றேனும் இன்று இல்லை. 1917 இல் வெளியான முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் குழுவொன்றினுடையது. பெரட்டுத் தப்பின் அடிகளை இன்னும் கையில் வைத்திருக்கும் முதியவர்கள் எமது தோட்டங்களில் இருப்பின், அவர்களது பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசியே அந்த அடிகளை ஒவ்வொன்றாகப் பெயரோடு பதிவு செய்யப் போதுமானது.