தொட்டால் பணம்: ஸ்டிக்கரைப் பூட்டி வைப்போம்



மயிலாப்பூர் மாட வீதியானாலும் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவானாலும், கல்லாவருகே க்யூஆர் அட்டை இல்லாத கடை இன்று அரிது. இப்போது போனை அருகே வைத்தாலே போதும் என்ற என்.எப்.சி. ஸ்டிக்கரும் வந்துள்ளது. வாங்கலாமா என்று எங்களிடம் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள்.

ஸ்டிக்கருக்குள் மெல்லிய கம்பிச்சுருளும் கடுகளவுச் சில்லும் உண்டு, பேட்டரி கிடையாது. போன் சுமார் 4 செ.மீ. அருகில் வந்ததும், அதன் காந்தப்புலத்தால் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. உடனே சில்லு, தன்னுள் எழுதியிருப்பதைப் போனுக்கு அனுப்புகிறது. 2023-ல் வந்த சிங்காரச் சென்னை அட்டை மெட்ரோ வாயிலைத் திறப்பதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் அந்த அட்டையில் ரகசியக் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. மலிவான ஸ்டிக்கரில் இல்லை.

ஸ்டிக்கரில் இருப்பது நமது கணக்கின் முகவரி மட்டுமே. பூட்டாவிட்டால், எவரும் தம் போனாலேயே அதை அழித்து வேறு முகவரி எழுதிவிடலாம், பார்வைக்குத் தெரியாது. ஆகவே:

1. முகவரி எழுதியதும் மாற்ற முடியாதபடி பூட்டச் சொல்ல வேண்டும்.

2. இரும்பு மேசை, தராசு மீது சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது. உலோகத்துக்கென உள்ளதையே வாங்க வேண்டும்.

3. தினமும் கடை திறந்ததும் நம் போனால் தொட்டு, நமது கடைப் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. எல்லாப் போனிலும் இவ்வசதி இல்லை. க்யூஆர் அட்டையும் இருக்கட்டும்.

முத்திரையிடாத எடைக்கல்லை நாம் கடையில் வைப்பதில்லை. பூட்டாத ஸ்டிக்கரும் அப்படித்தான்.