ஊராரின் சாட்சியம்

ஓர் இடத்தின் உண்மையை அறிய விரும்புவோர், அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஜனங்களை முதலில் விசாரிக்க வேண்டும். இது சாமானிய விவேகமேயாகும். கற்றோர் இதனைப் புறக்கணித்தால் விளையும் நஷ்டத்துக்குக் கனடாவின் வடகோடிப் பிரதேசம் தக்க உதாரணம்.

1845-ம் வருஷம் ஸர் ஜான் பிராங்க்ளின், எரிபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து வடமேற்குக் கடல்மார்க்கத்தைத் தேடிச் சென்றார். அவர் உட்பட 129 பேர் அப்பனிப் பிரதேசத்தில் மாண்டனர். 1854-ல் டாக்டர் ஜான் ரே, இன்யூட் ஜனங்களிடம் கேட்டறிந்த செய்தியை லண்டனுக்குத் தெரிவித்தார். மாலுமிகள் பட்டினியால் மடிந்தனர். இறுதியில் சிலர் மாண்டோரின் மாமிசத்தையே உண்டனர் என்பதே அச்செய்தி. லண்டன் வெகுண்டது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், இன்யூட்களின் சொல் நம்பத்தகாதது எனத் தமது பத்திரிகையில் வாதாடினார். சாட்சி கூறியோர் மீதே சந்தேகம் விழுந்தது. 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியோ, மாலுமிகளின் எலும்புகளில் கத்தி வெட்டுக்கள் இருந்ததை எடுத்துக்காட்டி, அச்சொல் மெய்யே என நிரூபித்தது.

செவிவழிச் சாட்சியம் செல்லாது என்பது நியாயஸ்தலங்களின் பொது விதி. ஆயினும் பொது உரிமை, ஊர் வழக்கம் ஆகியவற்றில், அவற்றை அறிந்திருந்த முன்னோரின் சொல்லை நம் நாட்டுச் சட்டமே ஏற்கின்றது. ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் அது ஆகாதோ?

ஜோவா ஹேவன் என்னும் ஊரைச் சேர்ந்த இன்யூட் சரித்திரகாரர் லூயி கமூகாக், முதியோரின் கதைகளைப் பல்லாண்டுகள் சேகரித்து ஆராய்ச்சியாளருக்கு உதவினார். 2014-ல் எரிபஸ், இன்யூட் வாய்மொழி சுட்டிய பகுதியிலேயே, சுமார் 11 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டது. 2016-ல் தேடுதல் கப்பலில் பணியாற்றிய இன்யூட் ஒருவர், சில வருஷங்களுக்கு முன் பனிக்கட்டியின் மேல் நீட்டிக்கொண்டிருந்த மரமொன்றைக் கண்டதாகக் கூறினார். கப்பல் அத்திசையில் திரும்பிற்று, டெரரும் அகப்பட்டது.

2018-ல் பிரிட்டன் இவ்விரு கப்பல்களையும் ஒப்படைத்தபோது, கனடா அரசாங்கத்தோடு இன்யூட்களும் அவற்றின் கூட்டு உரிமையாளராயினர். இதுவே நாம் முக்கியமாகக் கருதும் விஷயம். ஊராரை வழிகாட்டிகளாக அழைத்து, வேலை முடிந்ததும் மறந்துவிடுவது ஆராய்ச்சி தர்மமன்று. எதைத் தேடுவது என்ற ஆலோசனையிலும், கண்டெடுத்த பொருளின் உரிமையிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். பனியுலகில் புலப்பட்ட இந்நீதி, எந்நாட்டு ஆராய்ச்சிக்கும் பொருந்துவதன்றோ?