தொகை எழுதாத புரோநோட்டு

தேர்தல் அறிக்கை என்பது ஒரு கட்சி ஜனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் புரோநோட்டு ஆகும். நோட்டில் வாசகம் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், தொகை எழுத வேண்டிய இடம் காலியாக விடப்பட்டிருக்குமானால், விவரம் அறிந்தவன் அதைக் கையால் தொடமாட்டான். ஆயினும் அரசியலில் இவ்வகை நோட்டுக்களே நாள்தோறும் கைமாறுகின்றன. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. கையெழுத்து கட்சியினுடையது, கடனோ வரி செலுத்தும் பிரஜையினுடையது. இராணுவச் செலவையும் சர்க்கார் நிர்வாகச் செலவையும் பற்றிக் கட்சிகள் கூறும் வாக்குறுதிகளில் இக்குறை மிகுதியாகக் காணப்படுவதால், அதனைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இவ்விஷயம் தில்லிக்கு மட்டும் உரியது, திருவண்ணாமலைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று எவரும் எண்ண வேண்டாம். படைச் செலவு ஒரு நாட்டை எவ்வாறு விழுங்கும் என்பதை நம் ஊரைப்போல் நேரில் கண்ட ஊர்கள் சிலவே. 1767ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், செங்கம் கணவாயருகே ஹைதர் அலியுடன் போரிட்ட கர்னல் ஸ்மித் என்னும் கம்பெனித் தளபதி, தமது சேனைக்கு அரிசி கிடைக்குமென்று நம்பித் திருவண்ணாமலையை நோக்கி வந்தார். வந்த இடத்தில் எதிர்பார்த்த தானியம் இல்லை. அம்மாதம் 26ஆம் தேதி இவ்வூரருகே நடந்த போரில் கம்பெனிப்படை வென்றது. ஆனால் அந்த யுத்தங்களுக்குச் செலவான பணம் யாருடையது? ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கம்பெனிக்கும் தனி வியாபாரிகளுக்கும் பட்ட கடனே அது. அக்கடனுக்கு ஈடாக, நம் முன்னோர் உழுத வயல்களின் கிஸ்தி வருமானம் ஜில்லா ஜில்லாவாக எழுதிக் கொடுக்கப்பட்டது. முடிவில் 1801ஆம் ஆண்டு நாட்டின் ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போயிற்று. கர்நாடகம் போர்க்களத்தில் மட்டும் இழக்கப்படவில்லை; கணக்கேட்டிலும் இழக்கப்பட்டது.

கராச்சித் தீர்மானம்

இந்தப் பழைய பாடத்தை நன்கு அறிந்திருந்தது விடுதலைப் போர்க்காலத்துக் காங்கிரஸ் மகாசபை. 1930ஆம் ஆண்டு ஜனவரியில் மகாத்மா காந்தி வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளில் இராணுவச் செலவைத் தொடக்கத்திலேயே பாதியாகக் குறைக்க வேண்டுமென்பது ஒன்று. உயர்தர உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்பது மற்றொன்று. அவ்வாண்டு மார்ச் மாதம் 2ஆம் தேதி வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், வைஸ்ராய் மாதம் ரூ.21,000 பெறுகிறார், அதாவது நாளொன்றுக்கு ரூ.700க்கு மேல், இந்தியனின் சராசரி வருமானமோ நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு என்று அவர் எடுத்துக் காட்டினார்.

மறு ஆண்டு மார்ச் மாதத்தில், வல்லபபாய் பட்டேல் தலைமையில் கராச்சியில் கூடிய மகாசபை, ஜவாஹர்லால் நேரு வரைந்த அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானத்தை ஏற்றது. இராணுவச் செலவு அப்போதிருந்த அளவில் பாதியாகவேனும் குறைக்கப்பட வேண்டும். விசேஷ நிபுணர்கள் நீங்கலாக எந்தச் சர்க்கார் ஊழியருக்கும் சாதாரணமாக மாதம் ரூ.500க்கு மேல் சம்பளம் தரலாகாது. இவை அத்தீர்மானத்தின் பகுதிகள்.

இதன் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இது தொகை எழுதிய நோட்டு. பாதி என்றால் பாதி. ஐந்நூறு என்றால் ஐந்நூறு. படித்தவனும் படியாதவனும் கணக்குக் கேட்கக் கூடிய வாசகம். 1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் தலைமையில் பதவியேற்ற மந்திரிகள் மாதம் ரூ.500 சம்பளமே பெற்றுக்கொண்டார்கள். நோட்டின் ஒரு பகுதி அன்று நாணயமாகத் தீர்க்கப்பட்டது.

ஆனால் இராணுவத்தைப் பற்றிய பகுதியில் ஒரு குறை இருந்தது. பாதியாகக் குறைக்க வேண்டுமென்று சொன்ன காரணம் முற்றிலும் நியாயமானதே. அன்றைய இந்திய ராணுவம் இந்தியாவின் தேவைக்கு மட்டும் வைக்கப்பட்டதன்று. பிரான்சிலும் மெசபொடேமியாவிலும் சாம்ராஜ்யத்துக்காகச் சண்டையிட்டது அது. 1917ஆம் ஆண்டு பிரிட்டனின் யுத்தச் செலவுக்கென்று பத்துக் கோடி பவுன் இந்தியாவின் தலையில் சுமத்தப்பட்டது. இந்தியச் சிப்பாயைக் காட்டிலும் பல மடங்கு செலவு பிடிக்கும் வெள்ளைச் சிப்பாயை இங்கே வைத்திருக்க நாம் பணம் கொடுத்ததுடன், அவனைப் பயிற்றுவித்ததற்கும் லண்டன் யுத்த இலாகாவுக்குத் தலைவரி கட்டி வந்தோம். இவற்றை நீக்கினால் செலவு குறையும் என்பது உண்மை. எனினும், அந்நியன் போன பின்பு இந்நாட்டின் எல்லைகள் எவை, அவற்றைக் காக்க எவ்வளவு படை வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் வேண்டும் என்ற கணக்கைக் கராச்சித் தீர்மானம் போடவில்லை. அந்நியன் படைக்குப் பொருந்திய அளவுகோலை நமது சொந்தப் படைக்கும் பொருந்துமென்று பலரும் எண்ணிவிட்டனர்.

கணக்கு வந்த நாள்

கணக்கு வர வெகுநாள் ஆகவில்லை. 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். மொத்தச் செலவு ரூ.197.39 கோடி. அதில் பாதுகாப்புக்கு ரூ.92.74 கோடி. நூற்றுக்கு நாற்பத்தேழு பங்கு! பிரிவினையின் இரத்தப் பெருக்கும், அகதிகளின் வெள்ளமும், காஷ்மீரப் போரும் சூழ்ந்திருந்த அந்நேரத்தில் வேறு வழியில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. சம்பள விஷயமும் அவ்வாறே ஆயிற்று. 1950ஆம் ஆண்டு அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ராஷ்டிரபதிக்கு மாதம் ரூ.10,000 என்றும் கவர்னருக்கு ரூ.5,500 என்றும் நிர்ணயித்தது. காலம் மாறிற்று, விலைவாசி ஏறிற்று, ஒப்புக்கொள்வோம். நாம் குறை கூறுவது வேறொன்றை. கராச்சியில் கொடுத்த வாக்கு ஏன் மாற வேண்டியதாயிற்று என்று ஜனங்களைக் கூட்டி நேரில் விளக்கிச் சொல்லும் கடமையை அக்கட்சி முறையாக நிறைவேற்றவில்லை. வாக்கு முறிக்கப்படவில்லை, மறக்கப்பட்டது. முறித்தவன் காரணமாவது சொல்லுவான். மறந்தவன் அதுவும் சொல்லமாட்டான்.

மறதியின் மற்றொரு பக்கத்தை 1962ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டோம். இமயத்தின் கடுங்குளிரில் பருத்தி உடுப்பும் கான்வாஸ் காலணியும் அணிந்து, பழைய துப்பாக்கியுடன் நம் சிப்பாய் சீனப்படையை எதிர்த்து நின்றான். வீரத்தில் அவனிடம் குறையில்லை. அவனை அனுப்பியவர்களின் முன்யோசனையில்தான் குறை. அதன்பின் 1963-64ஆம் ஆண்டுப் பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ரூ.867 கோடி ஒதுக்கினார்கள். முந்திய ஆண்டு முதலில் திட்டமிட்டதைப்போல் இரு மடங்குக்கு மேல். புதிய வரிகள் வந்தன. அவ்வாண்டு ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தங்கத்தில் புது நகை செய்வதைத் தடுத்தன. ஊர்தோறும் பொற்கொல்லர் குடும்பங்கள் தொழிலிழந்து தவித்தன. அமைதிக் காலத்தில் நிதானமாகப் போட வேண்டிய கணக்கைப் போர்க்காலத்தில் பதற்றத்துடன் போட்டால், அதன் பாரம் எளியவன் தலையில்தான் விழும்.

இன்றைய அறிக்கைகள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2025-26ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டில் மொத்தச் செலவு சுமார் ரூ.50.65 லட்சம் கோடி. பாதுகாப்பு இலாகாவுக்கு ரூ.6.81 லட்சம் கோடி. நூற்றுக்குப் பதின்மூன்று பங்குக்குச் சற்று அதிகம். 1947ஆம் ஆண்டின் நாற்பத்தேழு பங்கைப் பார்த்தால் இது பெரிதன்று. ஆனால் அத்தொகையின் உள்ளே நோக்க வேண்டும். புதிய ஆயுதங்கள் முதலிய மூலதனச் செலவுக்கு ரூ.1.80 லட்சம் கோடி. ஓய்வூதியத்துக்கு மட்டும் ரூ.1.61 லட்சம் கோடி. இவற்றிற்கு அப்பால், பழைய கடனுக்கு மத்திய சர்க்கார் கட்டும் வட்டி ரூ.12.76 லட்சம் கோடி; பாதுகாப்புச் செலவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே எந்தக் கட்சி எந்தப் புதுச் செலவை வாக்களித்தாலும், அது கடன் வாங்கியேனும் வரி விதித்தேனும் வேறொன்றைக் குறைத்தேனும்தான் நடைபெற முடியும். நான்காவது வழி கிடையாது.

கராச்சியில் பாதியாகக் குறை என்ற அதே காங்கிரஸ், 2019ஆம் ஆண்டுத் தேர்தல் அறிக்கையில், பாதுகாப்புச் செலவு குறைந்து வரும் போக்கை மாற்றி அதனை உயர்த்துவோம் என்றது. எவ்வளவு உயர்த்துவது, எதனைக் குறைத்து உயர்த்துவது என்ற தெளிவு இல்லை. 2024ஆம் ஆண்டு அறிக்கையில் அக்னிபத் திட்டத்தை ரத்துச் செய்து, பழைய முறையில் ஆள் சேர்ப்போம் என்றது. அதே அறிக்கையில் மத்திய சர்க்காரில் 30 லட்சம் காலி இடங்களை நிரப்புவதாகவும், ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வழங்குவதாகவும் வாக்களித்தது. தனித்தனியே ஒவ்வொன்றும் நல்லெண்ணம் உடையதே. ஒன்றாகக் கூட்டினால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பின் நடத்தையும் போற்றத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்னிபத்தை அறிவித்த பாரதிய ஜனதா கட்சி, 2019ஆம் ஆண்டு தேர்தலில் அதற்கு ஜனங்களின் சம்மதம் கேட்கவில்லை. நான்கு ஆண்டு சேவை. முடிவில் நாலில் ஒருவருக்கு வரை நிரந்தர இடம். மற்றவர்களுக்குச் சுமார் ரூ.11.71 லட்சம் சேவா நிதி, ஓய்வூதியம் இல்லை. படையை இளமையாக்குவதே நோக்கம் என்று சர்க்கார் சொன்னது. ஓய்வூதியச் சுமையைப் பற்றி அது நேராகப் பேசத் தயங்கியது. ஆனால் நாடு அதைத்தானே பேசியது?

இங்கே ஒரு நுட்பம் உளது. வாசகர்கள் அதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பழைய முறையில் 2022ஆம் ஆண்டு சேர்ந்திருக்கக்கூடிய சிப்பாய், குறைந்தது பதினைந்து ஆண்டு சேவை செய்த பிறகே ஓய்வூதியம் பெற்றிருப்பான். அதாவது 2037ஆம் ஆண்டுக்குப் பின்னர். எனவே அக்னிபத்தால் ஓய்வூதியத்தில் மிச்சம் உண்டாகுமானால், அது 2037க்கு முன் உண்டாகாது. அதே நியாயப்படி, திட்டத்தை ரத்துச் செய்வதால் ஏற்படும் ஓய்வூதியப் பாரமும் பதினைந்து ஆண்டு கழித்தே தோன்றும். ரத்துச் செய்வேன் என்று வாக்களிப்பவர், தமது ஐந்து வருஷ ஆட்சியில் அந்தப் பாரத்தைச் சுமக்கப் போவதில்லை. நல்ல பெயர் ஒருவருக்கு; பில் வேறொருவருக்கு. இதனால்தான் இருதரப்பாரும் இவ்வளவு தாராளமாகப் பேச முடிகிறது.

சட்டம் சொல்வது

இக்குறைக்குப் பரிகாரம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே அது கிடக்கிறது. இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி, மிக்ஸி, கிரைண்டர் முதலிய வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகமாட்டா என்று கூறிய கோர்ட்டு, தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் கமிஷனைப் பணித்தது. வாக்குறுதிக்குக் காரணமும், அதற்குரிய பணத்தைத் தேடும் வழியும் அறிக்கையில் பொதுவாகவேனும் காட்டப்பட வேண்டும் என்று கமிஷன் விதித்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், செலவையும் வருவாய் வழியையும் நிரப்பித் தருவதற்கு ஒரு படிவத்தையே கட்சிகளின் அபிப்பிராயத்துக்கு அனுப்பிற்று. பல கட்சிகள் அதனை எதிர்த்தன. எதிர்த்ததில் வியப்பில்லை, தொகை எழுதச் சொன்னால் எந்தக் கடனாளிதான் மகிழ்வான்?

இராணுவ விஷயத்தில் இந்நெறி இரட்டிப்பாகத் தேவை. ஏனெனில் பாதுகாப்பு மானியக் கோரிக்கைகள் பல ஆண்டுகளில் பார்லிமெண்டில் விவாதமின்றியே, கில்லட்டின் முறையில், ஒரே வீச்சில் நிறைவேற்றப்படுகின்றன. ஆகையால், பாதுகாப்பைப் பற்றி வாக்குறுதி தரும் எந்தக் கட்சியும் மூன்று கணக்குகளைத் தனித்தனியே இருபது வருஷத்துக்குப் போட்டுக் காட்டுவதாக: ஆள் செலவு, ஓய்வூதியம், ஆயுதம். அதனோடு, எந்த வரியால் அல்லது எந்தக் குறைப்பால் அது நடைபெறும் என்று ஒரு வரி எழுதுவதாக. இரகசியம் வெளிப்பட்டுவிடும் என்ற சாக்கு இங்கே செல்லாது. பகைவனுக்குத் தெரியக்கூடாதது துப்பாக்கி நிற்கும் இடம்; சிப்பாயின் பென்ஷனல்ல.

விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடப்பவர்கள், நந்தி தரிசனத்துக்கு நிற்கும் பக்தர்களுக்கிடையே வியர்வை சொட்ட ஓடும் இளைஞர்களைக் கண்டிருப்பார்கள். 1.6 கிலோமீட்டரைக் குறித்த நிமிஷங்களுக்குள் ஓடி முடித்தால்தான் படையில் இடம். அவர்களில் ஒருவனுடைய தந்தை, நிலக்கடலை பயிரிடும் குடியானவர், பத்திர விஷயமாக நம்மிடம் வந்தபோது கேட்டார்: “ஐயா, பையன் ஓடறான். நாலு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா என்ன ஆவான்? வேற கட்சி வந்தா மாத்திடுவாங்களா? நிச்சயமாச் சொல்லுங்க.” நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. தேசத்துக்காக உயிரைப் பணயம் வைக்க ஒரு மகனைத் தரும் தகப்பன், தேசத்திடம் கேட்பது ஒரு தொகையும் ஒரு தேதியும். கராச்சியில் ஒரு காலத்தில் தொகை எழுதத் துணிந்த கட்சி இருந்தது. அத்துணிவு இன்று எந்தக் கட்சிக்கு உண்டோ, அந்தக் கட்சி முதலில் பேனாவை எடுக்கட்டும்.