உஷார்! ‘சும்மா ஆயிரம் போட்டுப் பாருங்க’

கரும்புப் பணமோ, முந்திரிப் பணமோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணமோ கையில் வைத்திருக்கும் மேல்பட்டாம்பாக்கத்து மக்களே, கொஞ்சம் நில்லுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களை டெலிகிராமில் கிரிப்டோ குழுவில் சேர்த்து, ‘பெரிசா வேண்டாம் சார், ஆயிரம் போட்டுப் பாருங்க’ என்றால் உடனே வெளியேறுங்கள். அந்த ஆயிரம்தான் தூண்டில். இரண்டொரு நாளில் லாபத்தோடு உங்கள் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புவார்கள். அதை நம்பி நகையை அடகு வைத்து லட்சங்களைப் போட்டால், செயலியில் எண்கள் மட்டும் ஏறும். எடுக்கப் போனால், ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். கட்டினால் அதுவும் போச்சு.

போனது திரும்புவதும் அரிது. கிரிப்டோ நாணயமான பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி பதிவாகும் கணக்குப் பேரேடு. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய வரவுசெலவுகள் அதில் ஏறுகின்றன. நாணயத்தை இயக்கும் ரகசியச் சாவி யாரிடமோ, காசு அவருடையது. அனுப்பியதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்க ஒரு மேலாளர் கிடையாது.

சரி, பெயர்பெற்ற தளத்தில் வாங்கினால்? 2024 ஜனவரியில் பெண் ஒருவர் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற நாணயத்தை வாங்கினார். ஜூலை 18 அன்று அந்தத் தளத்திலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. திருடுபோனது அவர் வாங்கிய வகையே இல்லை. ஆனாலும் அவர் கணக்கும் முடங்கியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தார். நல்ல உத்தரவு. ஆனால் பத்தாயிரம் போட்டவர் அதை மீட்க உயர் நீதிமன்றப் படி ஏறுவாரா? வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. இதற்கு அப்படி எதுவும் இல்லை.

வரியும் இரக்கமற்றது. ஒரு நாணயத்தை விற்றதில் 4,000 லாபம், இன்னொன்றில் 4,000 நஷ்டம் என்றால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனாலும் லாபத்துக்கு 30 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் கட்டியாக வேண்டும், செஸ் தனி.

கடன் இருப்பவர்களும், பிள்ளைகளின் ஃபீஸ் பணத்தை வைத்திருப்பவர்களும் இதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்கள், முழுசாகப் போனாலும் வீட்டுச் செலவு தடைபடாத தொகையை மட்டும், மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான தளத்தில், தாங்களே போட்டுப் பார்க்கலாம். அந்தப் பதிவும் பணத்துக்கு உத்தரவாதம் இல்லை, விலைக்கும் உத்தரவாதம் இல்லை. 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓராண்டில் 16,000-க்குக் கீழே விழுந்தது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில் நிற்கும் வரைதான் முடக்குவது சுலபம். பிறகு, ‘மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்’ என்று ஒருவர் வருவார். அவருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள்.