பெட்டியில் போகும் 80 டெராபைட்: உங்க ஆபீஸ் நெட்வொர்க் தயாரா?

80 டெராபைட் டேட்டாவை 100 எம்பிபிஎஸ் இணையத்தில் கிளவுடுக்கு ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் 74 நாள் ஆகும். இதற்காகத்தான் 2015-ல் அமேசான் ‘ஸ்னோபால்’ பெட்டியைக் கொண்டுவந்தது. டேட்டாவை அதில் நிரப்பி, கூரியரில் திருப்பி அனுப்ப முடிந்தது.

ஆனால், பெட்டி வந்துட்டா மட்டும் வேகம் வந்துடாது. ஆபீஸ் ஸ்விட்ச் 1 ஜிபிபிஎஸ் என்றால், காப்பி செய்யவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். 10 ஜிபிபிஎஸ் என்றால், கணக்குப்படி 18 மணி நேரம். ஸ்விட்ச், கேபிள், நெட்வொர்க் கார்டு, ஹார்ட் டிஸ்க் என எல்லாமே ஈடுகொடுக்கணும். ஒன்று சறுக்கினாலும் மொத்தமும் மெதுவாகிவிடும்.

லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களா? ஒவ்வொன்றாக என்கிரிப்ட் ஆவதால் நேரம் இழுக்கும். முதலில் பெரிய ஃபைல்களாகக் கட்டிவிடுங்கள்.

முக்கியமா, எல்லாம் கிளவுடில் சரியாக ஏறிவிட்டதா என்று பார்க்கும்வரை ஒரிஜினலை அழிக்காதீர்கள்.