நெஞ்சுக்குள் ஒரு சிக்னல்

செந்தூல் வாசகர்களே, தோட்டத்துத் தாய்மார்களே! நெஞ்சில் ஒயர்களைப் பொருத்தி இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றதும் 'ஷாக் அடிக்குமோ' என்று அஞ்சுகிறீர்களா? அஞ்ச வேண்டாம். அந்தக் கருவி உங்கள் உடலில் மின்சாரம் பாய்ச்சுவதில்லை. இதயத்தில் தானாக எழும் மின்சாரத்தை அளந்து, காகிதத்தில் கோடாக வரைகிறது, அவ்வளவுதான்.

இதயத்தின் வலது மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைகளுக்கு இறங்குகிறது. ரயில் பட்டறையோடு வளர்ந்த செந்தூலுக்குச் சொல்லவா வேண்டும்? சிக்னல் தாமதித்தால் ரயிலும் தாமதிக்கும். மேலிருந்து கீழே சேர 0.20 வினாடிக்கு மேலானால், வழியில் தாமதம் என்று டாக்டர் அறிந்துகொள்வார்.

இக்கருவியின் முறையைக் கண்டறிந்து 1924-இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவின் செமாராங் நகரில் 1860-இல் பிறந்தவர். அன்று கைகளையும் காலையும் உப்பு நீரில் வைத்து அளந்தார்கள். இன்று பத்து ஒட்டுகள், சில நிமிடங்கள், வலியே இல்லை.

நெஞ்சு வலித்தால் 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். ஒருமுறை எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், வலி திரும்பினால் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். குடும்பம் உங்களை நம்பி இருக்கிறது!